இசைத்தட்டில் நான்கா, ஆறா

2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. வெப்பம் 24 டிகிரி. வானத்தில் எட்டில் ஆறு பங்கு மேகம். தூறல் நின்று பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது, மேல்காற்று, பலமில்லை. வானிலை அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு எந்தக் குறிப்பையும் இப்படித்தான் தொடங்க வருகிறது. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசையின்மேல், மருமகனிடம் இரவல் வாங்கிய, இசைத்தட்டு போடும் டர்ன்டேபிள் இருந்தது. அதன் முதுகிலிருந்து ஒரு சிவப்புப் பின், ஒரு வெள்ளைப் பின், நுனியில் கவை வைத்த மெல்லிய பச்சைக் கம்பி ஒன்று, ஆக மூன்று வால்கள் தொங்கின. எங்கள் கம்ப்யூட்டரின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து ஒரே ஒரு பின் வந்தது. மூன்றை ஒன்றில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன்.

நான் பாட்டுப் பைத்தியம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பாட்டில் ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் நான்கா ஆறா என்று தெரிய வேண்டும். அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாஸ் வரிசையில், அதாவது ஆண்களில் தாழ்ந்த குரலில் பாடுகிறவர்களின் வரிசையில், ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக நிற்கிறேன். அறுப்பின் பண்டிகை ஆராதனைக்கு ஒரு பாட்டு உண்டு. அதன் மூன்றாம் சரணம் முடிந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவோம். ஆர்கன் மட்டும் ஒலிக்கும். பிறகு முதலில் உள்ளே நுழைய வேண்டியது பாஸ். அந்த நுழைவுக்கு முன் எத்தனை எண்ணிக்கை காத்திருக்க வேண்டும்? ஆறு என்பது என் கட்சி. வருடா வருடம் ஆறு எண்ணித்தான் நுழைந்திருக்கிறேன்.

இப்போது குழுவை நடத்துகிறவளுக்கு முப்பத்துநான்கு வயது. ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை. அவளுடைய ஞானஸ்நான ஆராதனையில் நான் பாஸ் பாடியிருக்கிறேன். போன சனிக்கிழமை ஒத்திகையில் அவள் கையை இறக்கிப் பாட்டை நிறுத்தினாள்.

“அங்கிள், நீங்க மறுபடியும் லேட்டு.”

“நான் லேட் இல்லம்மா. நீங்கள்லாம் சீக்கிரம்.”

பின்னால் உயர்ந்த ஆண்குரல்காரர்களின் டெனர் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“புக்ல ஃபோர்தான் அங்கிள் போட்டிருக்கு.”

“புக்கு தப்பும்மா. இதைப் பாரு.” என் பழைய தாளை நீட்டினேன். அச்சில் இருந்த 4 சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டு மேலே 6 என்று எழுதியிருந்தது. எழுதியது எங்கள் பழைய பாடகர் தலைவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

“பென்சில்ல யாரு வேணா எழுதலாமே அங்கிள்,” என்றான் டெனர் வரிசைக்காரன். “நீங்களேகூட.”

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. “ரெக்கார்டு இருக்குடா. நாங்க பாடின ரெக்கார்டு. அதுல ஆறு!”

அவள் பொறுமையாகத்தான் பேசினாள். “சரி அங்கிள், அடுத்த சாட்டர்டே எனக்குச் சொல்லுங்க. ஆறுன்னா எல்லாரையும் ஆறுக்கு மாத்தறேன், ப்ராமிஸ். நாலுன்னா நீங்க நாலுல வரணும். வர முடியலைன்னா அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கீழ உக்காந்துக்கோங்க. சர்வீஸ் லைவ்ல போகுது, ஊர்ல எல்லாரும் பார்க்கறாங்க.”

கீழே என்றால் சபையாரோடு பெஞ்சில். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகப் பக்கவாட்டு மேடையில் உட்கார்ந்தே கோயிலைப் பார்த்தவன் நான். இடப்பக்கம் பதினான்கு பெஞ்சு, வலப்பக்கம் பதினான்கு. அந்த இருபத்தெட்டில் எதில் போய் உட்காருவது, யார் பக்கத்தில் என்று யோசித்தேன். ஓர் இடம்கூடத் தோன்றவில்லை. ஒரு நாள் மட்டும் என்றாள். எழுபத்தெட்டு வயதில் ஒரு நாள் கீழே இறங்கியவனை மறுபடி யார் மேலே ஏற்றப்போகிறார்கள்?

அந்த இசைத்தட்டு என் முப்பதாவது வயதில் எடுத்தது. ஒரு சிறு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் இரண்டு மைக்கோடு கோயிலுக்கு வந்தார்கள். ஒரு மைக்குக்கு முன் பெண்கள், மற்றதற்கு முன் ஆண்கள். பெண்களில் சோப்ரானோ ஒன்பது, ஆல்டோ ஏழு; ஆண்களில் டெனர் ஐந்து, பாஸ் ஏழு. மொத்தம் இருபத்தெட்டுப் பேர். ரீல் தீரப்போகிறது என்று சொல்லி அந்தப் பாட்டை ஒரே தடவைதான் எடுத்தார்கள். தட்டு வந்ததும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார் மாஸ்டர். அப்போது எங்கள் வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த ரேடியோகிராம் இருந்தது. அதில் பதினெட்டு தடவையாவது கேட்டிருப்பேன். ஆறு என்பது அப்படித்தான் எனக்குத் தெரியும். ரேடியோகிராம் வீடு மாறியபோது போய்விட்டது. தட்டு மட்டும் பீரோவில் சேலைகளுக்கு அடியில் தங்கியது.

அந்த ஏழு ஆல்டோவில் ஒருத்தி என் மனைவி. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை; மறுவருடம்தான் ஆயிற்று. மூட்டுவலி வந்து மேடைப் படி ஏற முடியாமல் போனதும் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். இருபத்தெட்டில் இன்றும் பாடுகிறவன் நான் ஒருவன்தான்.

“எதுக்குங்க இந்த வம்பு?” என்றாள், நான் டர்ன்டேபிள் பெட்டியைப் பிரிக்கும்போதே. “நானே அவளுக்குப் போன் பண்ணி ஆறுன்னு சொல்லிடறேன். நானும்தான அன்னைக்குப் பாடினேன்? என் பேச்சை நம்பமாட்டாளா?”

இது எனக்கு விசித்திரமாக இருந்தது. நாற்பத்தேழு வருடத் திருமண வாழ்க்கையில் எந்த வாக்குவாதத்திலும் அவள் என் பக்கம் நின்றதாக எனக்கு நினைவில்லை.

“வேண்டாம். அவங்களே காதால கேக்கட்டும்,” என்றேன்.

செவ்வாய் காலை பதினொன்றே காலுக்குத் தெருமுனை மொபைல் கடையில் ஒரு சின்னக் கம்பி கிடைத்தது. அதன் ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள், மறுமுனையில் ஸ்பீக்கர் பின் நுழையும் ஒரு துளை. டர்ன்டேபிளின் இரண்டு பின்களை இந்தப் பக்கமும் ஸ்பீக்கரின் பின்னை அந்தப் பக்கமும் செருகினேன். பச்சைக் கம்பிக்கு இடமே இல்லை. அதைச் சுருட்டிக் கட்டிவைத்தேன். தட்டைச் சுழலவிட்டு முதலில் கைக்கடிகாரத்தை வைத்துச் சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் கொஞ்சமும். சரி. முள்ளை இறக்கினேன்.

பாட்டு வந்தது. ஆனால் எங்கோ மூடிய டப்பாவுக்குள் இருபத்தெட்டு எறும்புகள் பாடுவதைப் போல வந்தது. ஸ்பீக்கரின் திருகைக் கடைசிவரை திருப்பினேன். கூடவில்லை. குறைத்தேன். குறையவும் இல்லை. ஸ்பீக்கரின் ஸ்விட்சையே அணைத்தேன். பாட்டு அதே அளவில் வந்துகொண்டிருந்தது.

எனக்கு வியர்த்தது. ஸ்பீக்கரின் பின்னைப் பிடுங்கினேன். பாடியது. சிவப்பைப் பிடுங்கினேன், வெள்ளையைப் பிடுங்கினேன். ஒன்றோடும் சேராமல், தட்டு தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தது.

“ஏய், இங்க வா!”

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து கேட்டாள்.

“நல்லாத்தான பாடுது?”

“எதுல பாடுது? எல்லாத்தையும் கழட்டிட்டேன்.”

“உங்களை மாதிரிதான். யாரு கேட்டாலும் கேக்கலைன்னாலும்.”

மருமகனுக்குப் போன் செய்தேன். பொம்மனஹள்ளியில் இருக்கிறார், வீட்டிலிருந்தே வேலை. “மாமா, அது முள்ளே போடற சத்தம் மாமா. தட்டுல ஓடும்போது முள்ளு அதிருதில்ல, அதுதான் கேக்குது. ஸ்பீக்கருக்குப் போற கரன்ட்டு ரொம்பக் கம்மி. நடுவுல ப்ரீஆம்ப்னு ஒரு பெட்டி வேணும், அது சத்தத்தைப் பெரிசாக்கிக் குடுக்கும். எங்க வீட்டு ஆம்ப்ளிஃபயர்ல அது உள்ளேயே இருக்கு.”

“இதைப் போன ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே மாப்ளே.”

“ஷோகேஸ்ல வைக்கத்தான் கேட்டீங்கன்னு நினைச்சேன் மாமா.”

முள்ளின் சத்தத்திலேயே எண்ணிவிடலாமா என்று பார்த்தேன். மேசையில் கன்னத்தை வைத்து, தட்டுக்கு மூன்று அங்குலத்தில் காதை நீட்டிக்கொண்டேன். கீச்சுக்குரல்கள் மட்டும்தான் காதில் விழுந்தன. தாழ்ந்த குரல் எதுவும் முள்ளின் நுனிக்கு எட்டவில்லை. தெருமுனை கணபதி பந்தலில் வேறு நான்காம் நாள் ஒலிபெருக்கி. மூன்றாம் சரணம் முடியும் நேரத்துக்குச் சரியாக அங்கே அறிவிப்பு வரும். ஐந்து தடவை முயன்றேன். இரண்டு தடவை நான்கு போல் இருந்தது, ஒரு தடவை ஆறு, ஒரு தடவை ஏழு, ஒரு தடவை கழுத்து பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை பதினொன்றரைக்கு ஆட்டோ பிடித்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன். எட்டில் ஏழு பங்கு மேகம். மூன்று கடைகளில் பெட்டி இல்லை. நான்காவது கடை இரண்டு ஆள் அகலம்; கூரைவரை கம்பிச் சுருள்கள்.

“பன்னி சார், ஏன் பேக்கு?” என்று கன்னடத்தில் ஆரம்பித்த கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். “என்ன சார் வேணும்?”

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றாக, நேரத்தோடு.

“டைரக்டா ஸ்பீக்கருக்குக் குடுத்தா அப்பிடித்தான் சார் கேக்கும். இந்தாங்க.” தீப்பெட்டி நான்கை அடுக்கிய அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. “இதுல டர்ன்டேபிள் குடுங்க, அதுல இருந்து ஸ்பீக்கருக்குக் குடுங்க. நடுவுல போடற ஒயரு பெட்டிக்குள்ளயே இருக்கு. பச்சைக் கம்பிய இந்தத் திருகுல கட்டுங்க. மறந்தீங்கன்னா உம்முன்னு ஒரு சத்தம் வரும், பாட்டு கேக்க முடியாது.” பிறகு சந்தேகமாகக் கேட்டார். “நெறய ரெக்கார்டு வச்சிருக்கீங்களா சார்?”

“ஒண்ணு.”

“ஒண்ணா?”

“அதுலயும் ஒரு பாட்டு. அதுலயும் மூணாவது சரணத்துக்கு அப்புறம் பத்து செகண்டு.”

அவர் பக்கத்துக் கடைக்காரரை எட்டிப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டாயிரத்து இருநூறு சொன்ன பெட்டியை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுக்குக் கொடுத்தார். சிரித்ததற்கான தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை 9.40க்கு எல்லாவற்றையும் இணைத்தேன். பச்சைக் கம்பியைத் திருகில் கட்டினேன். பெட்டியில் இரண்டு சிவப்புத் துளை, இரண்டு வெள்ளைத் துளை. டர்ன்டேபிளின் பின்களும் பெட்டியோடு வந்த ஒயரின் பின்களுமாக என்னிடம் இரண்டு சிவப்புப் பின், இரண்டு வெள்ளைப் பின். சிவப்பைச் சிவப்பிலும் வெள்ளையை வெள்ளையிலும் செருகினேன். மீதி ஒன்றுகூட இல்லை. இதற்குமேல் சரியாக ஒரு காரியத்தை யாராலும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

முள்ளை இறக்கியதும் கூடம் நிறைந்தது. உண்மையான சத்தம். சமையலறை வாசலில் கரண்டியோடு மனைவி நின்றாள்.

“அது நாங்கதான்,” என்றாள் மெதுவாக. “ஆல்டோ.”

ஏழு பேரில் அவள் குரல் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. எல்லோரும் நிறுத்தினார்கள். ஆர்கன். நான் விரலை நீட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. எங்கோ அடுத்த வீட்டில் யாரோ முனகுவதைப் போல் ஏதோ ஒன்று எப்போதோ வந்து சேர்ந்துகொண்டது. எங்கள் ஏழு பேரையும் காணோம். எங்கள் தட்டிலிருந்து எங்களை யாரோ துணியால் துடைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் வலப்பக்க ஸ்பீக்கர் ஊமையாக இருப்பதைக் கவனித்தேன். தட்டிப் பார்த்தேன். போன் வாங்கியபோது கூட வந்த இயர்போன் ஒன்று மேசை இழுப்பறையில் பிரிக்காமலே கிடந்தது. ஸ்பீக்கரின் முகப்பில் அதற்கு ஒரு துளை உண்டு. மாட்டிக்கொண்டேன். வலது காதில் ஒன்றுமே இல்லை. வலது காது போய்விட்டதா? அதனால்தான் நான் லேட்டா? இயர்போனை இடம் மாற்றி மாட்டினேன். இப்போது வலது காதில் பாட்டு, இடது காது ஊமை. ஆக என் காதுகள் இரண்டும் இருந்தன. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் பாஸ் எங்கே?

“போதும்ங்க. கழட்டிவச்சிட்டுச் சாப்பிட வாங்க,” என்றாள் மனைவி.

மதியமும் அதையே சொன்னாள். மாலையிலும் சொன்னாள். மூன்று தடவை. வழக்கமாக என் கிறுக்குகளை அவள் ஒரு தடவைக்குமேல் தடுப்பதில்லை. நான் பிடிவாதக்காரன் என்பது அவளுக்குத் தெரியும். வீண் பேச்சு பேசமாட்டாள். அதனால் அன்று மொத்தமும் எனக்கு இரண்டு குழப்பங்கள் இருந்தன. ஒன்று கம்பியைப் பற்றி, இன்னொன்று அவளைப் பற்றி.

வெள்ளிக்கிழமை காலை மூக்குக்கண்ணாடிக்குமேல் பூதக்கண்ணாடியும் வைத்துப் பெட்டியைப் பார்த்தேன். துளைகளுக்கு அடியில் கறுப்பில் கறுப்பாகச் சின்ன எழுத்துகள். இரண்டு துளைகள் உள்ளே போவதற்கு, இரண்டு வெளியே வருவதற்கு. இரண்டு ஜோடியிலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. நான் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். டர்ன்டேபிளின் வெள்ளைப் பின் உள்ளே போகும் துளையில் சரியாக இருந்தது. அதன் சிவப்புப் பின்னை வெளியே வரும் துளையில் செருகியிருந்தேன். இடப்பக்க மைக்கின் பாட்டு ஒழுங்காகப் போய் வந்தது. வலப்பக்க மைக்கின் பாட்டு வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பெண்கள் பாடியது இடது மைக். நாங்கள் பாடியது வலது.

சிவப்பு இரண்டையும் இடம் மாற்றினேன். பந்தல் சத்தத்துக்குப் பயந்து இயர்போனை மாட்டிக்கொண்டேன். மேசையின் மறுபக்கத்தில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்காது.

இந்த முறை இரண்டு காதும் நிறைந்தது. இடது காதில் பெண்கள், வலது காதில் நாங்கள். மூன்றாம் சரணம் முடிந்தது. ஆர்கன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பாஸ் நுழைந்தது. நான்கில். கல்லைப்போல, ஒன்றாக.

அந்த ஒலியின்மேல், ஐந்தும் ஆறும் ஆனபிறகு, தனியாக ஒரு குரல் முதல் சொல்லிலிருந்து தொடங்கிப் பாடியது. மற்றவர்கள் அடுத்த சொல்லில் இருந்தார்கள். அந்தக் குரல் நல்ல குரல்தான். மற்ற ஆறைவிடக் கனமான குரல், தயக்கமே இல்லாத குரல். மைக்குக்கு மிக அருகில் நின்றிருக்கிறான். அது நான்.

முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தேன். ஐந்து தடவை. ஐந்து தடவையும் ஆறு பேர் நான்கில், ஒருவன் ஆறில். அந்தக் காலத்து ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் பதினெட்டு தடவை கேட்டும் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். பிறகு புரிந்தது. பதினெட்டு தடவையும் நான் என் குரலை மட்டுமே தேடிக் கேட்டிருக்கிறேன். என் குரல் ஆறில்தான் வந்தது.

இயர்போனைக் கழற்றினேன். கத்தி நின்றிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுட்டீங்களா?”

“உனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்ங்க.”

“எல்லாரும்னா?”

“இருபத்தேழு பேரும்.”

அவள் பீன்ஸை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“ரெக்கார்டு வந்தப்ப நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. மாஸ்டர் வீட்டுல எங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாரு. அந்த எடம் வந்ததும் எல்லாரும் சிரிச்சிட்டோம். அவரு சிரிக்கல. ‘ஒருத்தரும் அவன்கிட்ட சொல்லக்கூடாது’ன்னாரு. அதுக்கப்புறம் மூணு ப்ராக்டிஸ்ல நாலு, நாலுன்னு உங்களுக்குக் கையக் காட்டிப் பார்த்தாரு. நீங்க கண்ண மூடிக்கிட்டுல்ல பாடுவீங்க? அப்புறம்தான் பென்சில எடுத்தாரு. ஏழு தாள்லயும் மாத்தி எழுதி, ஆர்கன்காரர்கிட்ட ரெண்டு எண்ணிக்கை கூட இழுக்கச் சொன்னாரு.”

“ஏன்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘ஆறு பேரை மாத்திடலாம்மா, அந்த ஒருத்தனை மாத்த முடியாது. அந்தத் தாழ்ந்த ஸ்தாயி அவனுக்கு மட்டும்தான் எட்டுது, எனக்கு அவன் வேணும்’னாரு.”

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். வானத்தைப் பார்த்தேன், எத்தனை பங்கு மேகம் என்று கணிக்கத் தோன்றவில்லை. என்னோடு ஒரே வரிசையில் நின்ற ஆறு பேரை ஒவ்வொருவராக நினைத்தேன். ஒருவர் ரயில்வேயில் இருந்தார், ஒருவர் பள்ளி ஆசிரியர், இரண்டு பேர் அண்ணன் தம்பி. வருடா வருடம் அந்த இடம் வரும்போது ஆறு பேரும் சரியான எண்ணிக்கை எதுவென்று தெரிந்தே இரண்டு எண்ணிக்கை வாயை மூடிக்கொண்டு எனக்காக நின்றிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போனபிறகு புதியவர்கள் வந்தார்கள். புதியவர்கள் கையில் அச்சிட்ட புத்தகம். அதில் நான்கு. கடைசியில் அந்த ஆறு என் ஒருவனிடம் மட்டும் மிஞ்சியது. இது எனக்குச் செய்த மரியாதையா, அவமானமா? அன்று முழுவதும் யோசித்தேன். மரியாதை என்று முடிவு செய்ததும் அவமானமாக இருந்தது. அவமானம் என்று வைத்துக்கொண்டால் மாஸ்டரின் முகம் நினைவுக்கு வந்து அதுவும் நிற்கவில்லை.

“இது தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?” என்று சாப்பிடும்போது கேட்டேன்.

“அதான் அப்பாகிட்ட ஒரு மாசம் டைம் கேட்டேன்,” என்றாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஒத்திகைக்கு நாலரைக்கே போய்விட்டேன். போகும் வழியெல்லாம் ஒன்று மனதில் ஓடியது. குழுவில் ஒருவரிடமும் டர்ன்டேபிள் இல்லை. தட்டு என்னிடம் மட்டும்தான். ஆறு என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது; மனைவியும் சாட்சி சொல்லத் தயார். அந்தப் பெண் வாக்குக் கொடுத்திருக்கிறாள், குழுவில் மற்ற பத்தொன்பது பேரையும் ஆறுக்கு மாற்றிவிடுவாள். மறுபடியும் ஒரு வரிசை ஆட்கள் எனக்காக இரண்டு எண்ணிக்கை காத்திருப்பார்கள். இந்த முறை தெரியாமல்.

“என்ன அங்கிள், ரெக்கார்டு கிடைச்சுதா?” அவள் ஆவலாகத்தான் கேட்டாள்.

“கேட்டேன்மா. நாலு.”

“ஷ்யூரா?”

“ஆறு பேரு நாலுல வர்றாங்க. ஒருத்தன் மட்டும் ஆறுல வர்றான்.”

“யாரு அங்கிள் அந்த ஒருத்தன்?” என்றான் டெனர்காரன், சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு.

“நான்தான்.”

அவன் வாய் மூடிக்கொண்டது. பென்சில் எழுத்து எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் மாஸ்டர் தப்பாக எழுதினார் என்று ஆகிவிடும். அவள் என் பழைய தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். பிறகு புதிய புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, “பாடிப் பார்க்கலாமா அங்கிள்?” என்றாள். “கண்ணைத் தொறந்துக்கிட்டு.”

முதல் தடவை ஆறில் வந்தேன். நாற்பத்தெட்டு வருடப் பழக்கம். வாய் தானாகக் காத்திருந்தது. இரண்டாவது தடவை ஐந்தில். மூன்றாவது தடவை அவள் இடது கையை எனக்கு மட்டும் உயர்த்தி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். நான்காவது விரலில், சுவரில் இடித்துக்கொள்ளப்போகிறவனைப்போல உடம்பெல்லாம் கூசக் கூச, பாடிவிட்டேன். என்னோடு சேர்ந்து வந்த மற்றவர்களின் குரல் என் இரண்டு பக்கமும் கேட்டது. அந்த இடத்தில் அது எனக்குப் புதிய சத்தம்.

“கரெக்ட் அங்கிள்,” என்றாள். “பண்டிகைக்கு நீங்க மேலதான். ஆனா என் கையப் பார்த்துட்டே இருக்கணும்.”

ஒத்திகை முடிந்து புத்தகங்களை அடுக்கும்போது டெனர்காரன் பக்கத்தில் வந்தான். “அங்கிள், எங்க செட்ல ஒரு ரூல் இருக்கு. யாரு தப்பா என்டர் ஆகறாங்களோ அவங்க எல்லாருக்கும் பஃப்ஸ். இத்தனை நாளா உங்ககிட்ட கேக்க பயம்.”

“நாற்பத்தெட்டு வருஷத்துக்குமா?”

“இன்னைக்கு மட்டும் போதும் அங்கிள். மத்தது அந்த மாஸ்டர் கணக்குல.”

அடுத்த முனை பேக்கரியில் முட்டை பஃப்ஸ் ஒன்று இருபத்தைந்து. என்னைச் சேர்க்காமல் பத்தொன்பது பேர். கம்பி நூற்றைம்பது, பெட்டி ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, எஸ்.பி. ரோடு போகவர ஆட்டோ இருநூற்று எண்பது, பஃப்ஸ் நானூற்று எழுபத்தைந்து. ஆக மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.